புதைக்கும் முன் எண்ணி வையுங்கள்

புயல் நிவாரணம் என்றால் நமக்கு வீடும் பயிரும்தான் முதலில் ஞாபகம் வரும். மந்தையையே இழந்தவருக்கு அரசு என்ன தருகிறது, எப்போது தருகிறது என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 2013-ல் நடந்ததை என்னால் கடந்து போகவே முடியவில்லை.

அக்டோபர் முதல் வாரம். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்தில்தான் நின்றன, குளிர்கால ரோமம் முளைக்கவில்லை. அட்லஸ் என்ற அந்தப் புயலில் முதலில் மழை பெய்து தோல் வரை நனைத்துவிட்டது, அப்புறம்தான் பனியும் சூறைக்காற்றும். நனைந்த மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கும், வேலி பனியில் மூழ்கிவிட்டால் அதையும் தாண்டிப் போகும், ஏதாவது ஓடைப்பள்ளத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். செத்தவை பல்லாயிரம். கன்றுகளை விற்கும் பருவம் அது, பசுக்கள் வயிற்றில் அடுத்த கன்று வேறு. ஒரு பசு போனால் அடுத்த வருட வருமானமும் கூடவே போயிற்று.

சரி, அரசு உதவி? கால்நடை இழப்பீட்டுத் திட்டம் ஒன்று இருந்தது, அதன் காலம் 2011 செப்டம்பரோடு முடிந்துவிட்டது, புதிய விவசாயச் சட்டம் இழுபறியில் கிடந்தது. போதாக்குறைக்கு அக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய அரசே முடங்கியிருந்ததால் போய்க் கேட்கக்கூட அலுவலகம் திறந்திருக்கவில்லை. என்றாவது சட்டம் வரலாம், அதனால் படம் எடுங்கள், எண்ணி எழுதி வையுங்கள், வெளியாள் ஒருவரின் சாட்சியும் வாங்குங்கள் என்றுதான் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. சேற்றில் கிடக்கும் மாட்டின் தலையைத் திருப்பி, காது வில்லையைத் துடைத்து எண்ணைப் படிக்க வேண்டும். மந்தைகள் கலந்து கிடந்தால் சூட்டுத் தழும்பைப் பார்த்து இது என்னுடையதா பக்கத்துப் பண்ணையுடையதா என்று பிரிக்க வேண்டும். அந்தப் பசுவைக் கன்றிலிருந்து வளர்த்தவரே இதையும் செய்தாக வேண்டும்.

மற்ற மாநிலத்துப் பண்ணைக்காரர்கள் சினைக் கிடாரிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அரசுப் பணத்துக்கு, 2014 பிப்ரவரி 7-ம் தேதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் வர வேண்டியிருந்தது. இழப்பீடு 2011 அக்டோபரிலிருந்தே பொருந்தும் என்று அதில் எழுதியதால் அட்லஸில் இழந்தவர்களும் மனு கொடுக்க முடிந்தது. ஏப்ரல் 15-ல்தான் மனு வாங்கவே ஆரம்பித்தார்கள், மாடு செத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடன்காரர் அதுவரை பொறுக்க மாட்டார். அதனால்தான், அதே சட்டம் இந்தத் திட்டத்தை நிரந்தரமாக்கியது எனக்குப் பணத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. இனி புயல் அடித்த பிறகு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதை இலவசப் பணம் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கிடைப்பது சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த மந்தைக்கும் அதே சராசரிதான். இன்று பிறந்த கிடாரிக்கன்று வளர்ந்து, ஈன்று, அதன் கன்று விற்பனைக்கு வர இரண்டரை வருடமாவது ஆகும்.

வயிற்றில் இருந்த கன்றுக்கும் கூடுதலாக ஒரு தொகை என்பது 2025-ல் வந்த சட்டத்தில்தான் சேர்ந்தது, அதுவும் 2024 முதல் நேர்ந்த இழப்புகளுக்கு மட்டும். அட்லஸில் சினையோடு போன பசுக்கள் எல்லாம் ஒரு மாடு என்றே கணக்கில் ஏறின.