மீட்டரில் தொங்கும் சீல்

இன்று மின்கணக்கு எடுக்க வந்தவர், எண்ணைப் பார்ப்பதற்கு முன் மீட்டரில் தொங்கிய சின்ன சீலை விரலால் தூக்கிப் பார்த்தார். கம்பி அறுபடவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

எனக்கு வியன்னா நினைவுக்கு வந்தது.

அங்கிருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய சீலும் ஏறக்குறைய இப்படித்தான். நாணயம் அளவுக்கு ஓர் உலோக மூடி, ஒரு கம்பி.

அணுப்பொருளை யாரும் ரகசியமாக எடுத்து ஆயுதமாக்கிவிடக் கூடாது என்று, அது இருக்கும் கலனை மூடி ஆய்வாளர்கள் இந்த சீலை மாட்டுவார்கள். மூடியின் உட்புறத்தில் தாறுமாறான கீறல்கள். ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி. முன்பே அதைப் படமெடுத்து வைத்திருப்பார்கள். பிறகு கழற்றி வியன்னாவுக்குக் கொண்டுபோய், கீறலோடு கீறலாக ஒப்பிடுவார்கள். நடுவில் யாராவது போலியை மாட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

அந்த சீலால் யாரையும் தடுக்க முடியாது. வெட்டுவதற்கு ஒரு குறடு போதும். ஆனால் வெட்டியதை மறைக்க முடியாது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ரசாயன ஆயுதங்களுக்கும் ஆய்வாளர்கள் உண்டு. தடை ஒப்பந்தம் 1997-ல் அமலுக்கு வந்தது. நாடுகள் கணக்குக் காட்டிய 72,000 டன்னுக்கும் அதிகமான கையிருப்பில் கடைசிப் பகுதி 2023 ஜூலையில் அழிக்கப்பட்டது. இத்தனை சண்டைகளுக்கு நடுவிலும் நடந்தது!

என் பயமெல்லாம் நோய்க்கிருமிகளை ஏவிவிடும் உயிரி ஆயுதங்களைப் பற்றித்தான். தடை ஒப்பந்தம் 1975 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் நேரில் போய்ச் சரிபார்க்க அதற்கென்று ஓர் ஆய்வாளர்கூடக் கிடையாது. அதற்கொரு வழி செய்ய நடந்த பேச்சு 2001-ல் முறிந்தது.

அப்புறம் இன்றுவரை பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.