நூறு யூனிட் கரண்டுக்கு எத்தனை துண்டு? பழைய கணினிகளோடு இரண்டு வாரம்

2005ஆம் ஆண்டு வாங்கிய என் பென்டியம் 4 கணினியைப் பரணிலிருந்து இறக்கியபோது, அதை மறுபடியும் பரணிலேயே ஏற்றி வைக்க நேரும் என்று நான் நினைக்கவில்லை. வேற்றுலக உயிர்களின் ரேடியோ சமிக்ஞைகளைத் தேடிய சேட்டி அட் ஹோம் திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் இரவும் பகலும் கணக்குப் போட்ட பெட்டி அது. அந்தத் திட்டம் 2020 மார்ச் 31ஆம் தேதியோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திய பிறகு, அதுவும் ஓய்ந்துவிட்டது.

இப்போது நாங்கள் நடத்துவது ஆற்றுக்கு இரு கரையிலும் உள்ள நண்பர்களுக்குள் ஒரு போட்டி. தாமிரபரணிக்குக் கிழக்கே பாளையங்கோட்டை, பெருமாள்புரம், வண்ணார்பேட்டை என்று எங்கள் பக்கம் மூன்று வீடுகள். மேற்கே டவுன், பேட்டை, தச்சநல்லூர் என்று அவர்கள் பக்கம் மூன்று வீடுகள். பத்து ஆண்டுக்கு மேல் பழைய கணினிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம், தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு பொருத்தக் கூடாது என்பவை தொடக்கத்திலிருந்தே உள்ள விதிகள்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க் என்னும் மென்பொருளைத்தான் எல்லோரும் நிறுவியிருக்கிறோம். ஓர் ஆய்வகத்தின் பெரிய கணக்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வது அதன் வேலை. அந்தத் துண்டை வழக்கமாக வொர்க் யூனிட் என்பார்கள். கரண்டு யூனிட்டோடு குழம்பாமல் இருக்க நான் இங்கே துண்டு என்றே எழுதுகிறேன்.

திட்டங்களில் நாங்கள் எடுத்துக்கொண்டது 2005இல் தொடங்கிய ஐன்ஸ்டைன் அட் ஹோம். பல்சர் எனப்படும் துடிப்பு விண்மீன்களையும் ஈர்ப்பு அலைகளையும் தேடும் திட்டம் அது. 2010இல் அரசிபோ ரேடியோ தொலைநோக்கியின் தரவிலிருந்து அந்தத் திட்டம் தன் முதல் புதிய பல்சரைக் கண்டுபிடித்தபோது, அதற்குரிய துண்டுகளைக் கணக்கிட்டவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணினியும்தான். நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் அந்த விண்மீனை முதலில் தொட்டது வீட்டு மேசையில் இருந்த கணினி என்பதை எங்களில் ஒருவர் சொன்ன அன்றே திட்டம் முடிவாகிவிட்டது.

முதல் சுற்றைத் தை மாதத்தில் நடத்தினோம். முடித்த துண்டுகளுக்குத் திட்டம் தரும் மொத்தப் புள்ளி யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி என்பதுதான் அப்போதைய விதி. பேட்டையில் இருந்த, பிராசசருக்குள் நான்கு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) கொண்ட கோர் 2 க்வாட் ஒன்றே எங்களை வென்றுவிட்டது. ஆனால் இரண்டு மாதக் கரண்டு பில் வந்தபோது அந்த வீடு 500 யூனிட்டைத் தாண்டியிருந்தது. நம் கட்டண முறையில் 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அல்லாமல் அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும் என்பதால், அந்த வீட்டில் போட்டியைப் பற்றிப் பேசவே முடியாத நிலை வந்தது. வென்றவர்கள் வருத்தப்படும் போட்டியை எப்படித் தொடர்வது?

அதனால் ஆனி மாதச் சுற்றுக்கு விதியை மாற்றினோம். இரண்டு வாரம், ஒவ்வொரு பக்கத்துக்கும் மொத்தம் நூறு யூனிட் கரண்டு, அதற்குள் யார் அதிகத் துண்டுகளைச் சரியாக முடிக்கிறார்களோ அவர்கள் வென்றவர்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால் அந்த எண் எல்லோர் மனத்திலும் முன்பே பதிந்திருந்தது. ஒரே வகைத் துண்டுகளைத்தான் வாங்குவது, அவற்றுக்கு ஒரே அளவு புள்ளி என்பதால், புள்ளியை விட்டுத் துண்டுகளையே எண்ணினால் போதும் என்றும் முடிவு செய்தோம்.

பிளக்குக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் சிறிய வாட் மீட்டர்களை வாங்கி, எங்கள் பக்கத்துக் கணினிகள் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பென்டியம் 4 முழு வேகத்தில் 130 வாட் இழுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு 70 மணி நேரத்தில் முடித்தது. அப்படியானால் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ நாலரை யூனிட். என் இன்னொரு மேசைக் கணினியான கோர் 2 டுவோ, 90 வாட்டில் 14 மணி நேரத்தில் இரண்டு துண்டுகளை முடித்தது. ஒரு துண்டுக்கு 0.63 யூனிட். பெருமாள்புரத்து நண்பரின் ஐ3 பிராசசர் கணினி, 75 வாட்டில் 17 மணி நேரத்துக்கு நான்கு துண்டுகள். ஒரு துண்டுக்கு 0.32 யூனிட். எல்லாவற்றையும் வென்றது யாரும் எதிர்பாராத ஒன்று: என் அண்ணன் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. திரையை மூடி வைத்து ஓட்டினால் 35 வாட், 16 மணி நேரத்தில் இரண்டு துண்டுகள். ஒரு துண்டுக்கு 0.28 யூனிட்.

கோர் 2 டுவோ, ஐ3, அத்தகைய மடிக்கணினிகள் மூன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 91 யூனிட் ஆகும். மிஞ்சும் ஒன்பது யூனிட்டில் பென்டியம் 4 இரண்டே இரண்டு துண்டுகளைத்தான் முடிக்கும். காகிதத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு அதன் தூசியைத் துடைத்துப் பரணில் ஏற்றினேன். அதன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது ஒரு துண்டை முடிக்கும் கரண்டில் ஒரு பழைய மடிக்கணினி பதினாறு துண்டுகளை முடிக்கிறது என்று தெரிந்த பிறகு, பாசத்துக்காக அதை ஓட்டுவது அறிவியலுக்குச் செய்யும் உதவியாக எனக்குத் தோன்றவில்லை.

மற்றவற்றைத் தயார் செய்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. பிராசசர் மேல் இறுகிக் காய்ந்திருந்த பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதியது பூசினேன். ரேமின் பித்தளை நிறக் கால்களை எழுத்து அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். மடிக்கணினிகளில் உப்பிப்போயிருந்த பேட்டரிகளைக் கழற்றிவிட்டு நேராகச் சார்ஜரிலேயே ஓட விட்டேன். உப்பிய பேட்டரியோடு இரவெல்லாம் ஓட விடுவது ஆபத்து. ஐ3இல் மட்டும் நண்பர் விண்டோஸ் 7 வேண்டும் என்றார். மற்ற எல்லாவற்றிலும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த லுபுண்டு. கரண்டு போய் வந்தால் கணினி தானாகவே எழுந்துகொள்ளும்படி மேசைக் கணினிகளின் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், மாற்றி வைத்தேன்.

முதல் வாரம் சிக்கல் இல்லாமல் போனது. மேல்காற்று வீசிக்கொண்டிருந்ததால் பகலிலும் சூடு கட்டுக்குள் இருந்தது. வண்ணார்பேட்டை வீட்டு மடிக்கணினி மட்டும் ஆறாம் நாள் தகிக்கத் தொடங்கியது. அதன் அடியில் காற்றுப் புகும் துளைகளை மெத்தை விரிப்பு அடைத்திருந்தது. தரையில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து அதன் மேல் ஏற்றிய பிறகு சூடு இறங்கியது. அதற்குள் நடந்த பிழை என்ன என்பது போட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் பெருமாள்புரம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை கரண்டு இல்லை. கரண்டு வந்ததும் ஐ3 தானாக எழுந்து ஓடத் தொடங்கியதாக நண்பர் சொன்னார். நானும் கவலையை விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து இரவு டவுன் வீட்டு நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. எதிரணியில் இளையவரான அவர், நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணாச்சி, உங்க பக்கத்து ஐ3 மூணு நாளா ஒண்ணும் அனுப்பலையே. கடைசியா எப்பத் தொடர்பு கொண்டுச்சுன்னு பாத்தேன், கரண்டு போன அன்னியோட நிக்குது. தேதி சரியா இருக்கான்னு பாத்துட்டீங்களா?”

பார்த்தால் கணினி 2011 ஜனவரியில் இருந்தது. மதர்போர்டில் நேரத்தைக் காத்து வைக்கும் வட்டப் பேட்டரி செத்துப்போயிருந்தது. பிளக்கில் கரண்டு இருந்த வரை அது வெளியே தெரியவில்லை. கரண்டு நின்றதும் கடிகாரம் பின்னால் ஓடிவிட்டது. அதனால் இணையத்தில் உள்ள சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் தொடங்காத’ ஒன்றாக அந்தக் கணினிக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதி விண்டோஸில் இருந்தாலும், வித்தியாசம் பல ஆண்டுகள் என்றால் அது திருத்தாது. கணக்கு மட்டும் நிற்காமல் ஓடி, முடிந்த துண்டுகள் உள்ளேயே குவிந்து கிடந்தன. மறுநாள் காலை சிஆர் 2032 பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டித் தேதியைச் சரி செய்ததும் பதினேழு துண்டுகளும் வரிசையாக ஏறிவிட்டன.

அவர் அழைக்காமல் இருந்திருந்தால் போட்டி முடியும் வரை நாங்கள் கவனித்திருக்க மாட்டோம். பதினேழு துண்டுகள் என்பது இந்தச் சுற்றில் பெரிய எண்ணிக்கை. அன்று மாலை சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போய் அவரை நேரில் பார்த்து நன்றி சொன்னேன். அவர்கள் வீட்டில் இருந்த இரண்டு பழைய கணினிகளின் பேட்டரிகளையும் அப்போதே சோதித்தோம். ஒன்று மூன்று வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 2.4 மட்டுமே காட்டியது. அதையும் மாற்றினோம்.

பதினான்காம் நாள் இரவு எங்கள் மீட்டர்கள் காட்டிய கூட்டுத்தொகை 89 யூனிட், அவர்களுடையது 97. நாங்கள் அனுப்பியவை 229 துண்டுகள். ஆனால் அனுப்பியதெல்லாம் கணக்கில் சேராது. ஒரே துண்டை வெவ்வேறு ஊர்களில் உள்ள இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, இரு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். நம் ஜோடிக் கணினி எந்த நாட்டில் இருக்கிறதோ, அதன் உரிமையாளர் எப்போது அதை ஓட்டுவாரோ, அதுவரை நாம் காத்திருக்க வேண்டும். அவருக்குக் கெடு பதினான்கு நாள். அதனால் மேலும் பதினைந்து நாள் கழித்து எண்ணுவது என்று முன்பே பேசியிருந்தோம்.

அந்த நாளும் வந்துவிட்டது. எங்களுக்குச் சரியென்று ஏற்கப்பட்டவை 214, அவர்களுக்கு 221. எங்களுடையவற்றில் ஆறு துண்டுகள் தவறான விடை என்று தள்ளப்பட்டுவிட்டன. ஆறுமே வண்ணார்பேட்டை மடிக்கணினி சூடேறியிருந்த அந்த ஒரே நாளில் முடித்தவையும் தொடங்கியவையும். சூடு கூடினால் கணினி நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்; நிற்காமல் தவறாகக் கணக்கிட்டுக்கொண்டே போகவும் கூடும் என்பதை இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அடுத்த சுற்றுக்கு முன் அதன் விசிறியைக் கழற்றித் துடைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்னும் மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

எங்கள் ஒன்பது துண்டுகளுக்கு ஜோடிக் கணினி கெடுவைத் தவறவிட்டதால், அவை வேறு யாருக்கோ மறுபடியும் அனுப்பப்பட்டுக் காத்திருக்கின்றன. அவர்களுக்கும் அப்படி மூன்று உண்டு. விதிப்படி அவர்களே வென்றார்கள் என்று நான் கைகுலுக்கினேன். டவுன்காரரோ, நிலுவையில் உள்ளவை முடியும் வரை முடிவைச் சொல்லக் கூடாது என்கிறார். இன்று காலை பார்த்தபோது எங்களுக்கு ஒன்று ஏறி 215 ஆகியிருந்தது. இன்னும் எட்டு மீதம் இருக்கின்றன.