நாலாம் வேற்றுமையோடு ஜேர்மனியில்

1991இல் கலியாணம் முடித்து நான் ஜேர்மனிக்கு வந்தபோது, மேற்கு ஜேர்மனியின் ரூர் பகுதியில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் டொச், அதாவது ஜேர்மன் மொழி, பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "டொச் தானாக வரும் தங்கச்சி, காது பழகினால் சரி." அவர்கள் பொய் சொல்லவில்லை. என் கணவரும் அவருடைய நண்பர்களும் றெஸ்ரோரண்ட் குசினிகளில் நின்று காதால் பிடித்த டொச்சை வைத்துத்தான் வேலை பார்த்தார்கள், வீடு எடுத்தார்கள், வைத்தியரிடம் போய் வந்தார்கள். எண்பதுகளில் அகதியாக வந்து ஹைம் என்ற அகதி விடுதியில் கிடந்தவர்களுக்கு அரசாங்கம் மொழி வகுப்பு எதுவும் வைத்துக் கொடுக்கவில்லை. அந்தத் தலைமுறை தன் முயற்சியால் படித்தது. அதை நான் என்றைக்கும் பெருமையோடுதான் சொல்வேன்.

ஆனால் காதால் வரும் மொழி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஏன் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. வினைச்சொல்லை மாற்றாமல் அப்படியே சொன்னாலும் குசினியில் நிற்பவருக்கு விளங்கும். மிச்சத்தை அவர் ஊகித்துக்கொள்வார். விளங்கிவிட்டதால் திருத்தமாட்டார். திருத்தாததால் அந்தப் பேச்சு அப்படியே இறுகிப்போகும். பத்து வருடம் சரளமாகப் பேசியவர்களும் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் யாரிடம் கொண்டுபோய் வாசிப்பிக்கலாம் என்று யோசித்தார்கள்.

என்னை மாலை வகுப்புக்கு அனுப்பியவர் என் கணவர்தான். "நீயாவது ஒழுங்காகப் படி" என்று, குழந்தையைத் தான் பார்த்துக்கொண்டார். ஃபோக்ஸ்ஹொக்சூல என்று இங்கே ஊருக்கு ஊர் ஒரு மக்கள் கல்விக்கூடம் இருக்கிறது. 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பிலேயே, இவற்றை அரசும் மாநிலங்களும் ஊர்ச் சபைகளும் ஆதரிக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகும் அளவில்தான் இருந்தது. வகுப்பில் போலந்து, துருக்கி, வியட்நாம் பெண்களோடு நானும் ஒருத்தி.

டொச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெர், டீ, டாஸ் என்று ஒரு சிறு சொல் வரும். பால் மூன்று, பன்மை ஒன்று, வேற்றுமை நான்கு. அட்டவணையாகப் போட்டால் 16 கட்டங்கள். அவற்றை நிரப்புவது ஆறே வடிவங்கள். ஒரே வடிவம் பல கட்டங்களில் வருவதால், தெருவில் கேட்டு இந்த ஒழுங்கைப் பிடிப்பது மிகவும் கடினம். எங்கள் ஆசிரியை முழு அட்டவணையை முதல் நாளே கரும்பலகையில் எழுதவில்லை. முதலில் எழுவாய் மட்டும். அது வாயில் படிந்த பிறகு இரண்டாம் வேற்றுமை. அங்கே ஆண்பாலில் மட்டும்தான் 'டெர்' 'டென்' ஆகிறது, மற்றவை அசைவதில்லை. ஆக அந்தப் பாடத்தில் புதிதாகப் படிக்க இருந்தது ஒரேயொரு மாற்றம். அதற்குப் பிறகுதான் எல்லாக் கட்டங்களும் மாறுகிற டாட்டிவ், அதாவது நம் நாலாம் வேற்றுமை போன்றது. அதோடு எப்போதும் சேர்ந்து வரும் முன்னிடைச் சொற்களை ஔஸ், பை, மிட், நாஹ், ஸைட், ஃபொன், ட்சூ என்று வாய்ப்பாடு போலச் சொல்லவைத்தார். ஒவ்வொரு வகுப்பும் போன வகுப்பின் பாடத்தை மீட்பதில் தொடங்கி, சொல்வதெழுதுதலில் முடியும். எது தெரியும், எது இன்னும் தெரியாது என்பது கொப்பியில் சிவப்பு மையில் இருக்கும். அதுவே எனக்குப் பெரிய தைரியம் தந்தது.

இங்கேதான் ஊரில் நாங்கள் படித்த நம் பாடசாலையைச் சொல்லவேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரத்தில் தமிழ் ரீச்சர் எங்களை எழுப்பிவிட்டு, ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று சொல்லவைப்பார். எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது என்று வாக்கியத்தைப் பிரித்துக் காட்டச் சொல்வார். இது எங்கே உதவப்போகிறது என்று நாங்கள் பின்வாங்கில் இருந்து முணுமுணுத்தோம். எனக்கு அது உதவியது ரூர் பகுதியில். எட்டு வேற்றுமை படித்தவளுக்கு நான்கு வேற்றுமை பயம் தரவில்லை. டாட்டிவ் என்றதும் மனம் நாலாம் வேற்றுமையின் 'கு'வைத் தேடிப் போனது. எனக்குக் குளிர்கிறது என்பதை டொச்சிலும் 'எனக்கு' என்றுதான் தொடங்கலாம்: மிர் இஸ்ட் கால்ட். ஆங்கிலமோ அந்த இடத்தில் 'நான்' என்று தொடங்கும். காரணம் சொல்லும் 'வைல்' வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும் என்று ஆசிரியை எச்சரித்தபோது, எனக்கு ஊர் வந்த மாதிரி இருந்தது. வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் பிறப்பிலிருந்து வந்த பழக்கமல்லவா!

இலக்கணம் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அடுத்த மொழியைப் படிப்பிப்பது சுலபம் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அந்த ரீச்சர் இன்று இல்லை. இருந்தால் இந்தக் கட்டுரையை அவருக்கே முதலில் அனுப்பியிருப்பேன்.

பிறகு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே கைவேலையை விட எழுத்துவேலை முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். இரவு 2 மணிக்கு எழும்பினார், தண்ணீர் குடித்தார், இடது காலில் நோ என்றார் என்று ஒவ்வொன்றையும் அறிக்கையில் பதியவேண்டும். டொச்சில் 'எழும்பினார்' என்பதற்கு ஒரு துணைவினை, 'குடித்தார்' என்பதற்கு வேறொன்று. அடுத்த முறைக்கு வருபவரும் வைத்தியரும் அதை நம்பித்தான் நடப்பார்கள். யார், எப்போது, என்ன என்பதில் தடுமாற்றம் இருந்தால் பாதிக்கப்படுவது கட்டிலில் கிடக்கும் அந்த வயோதிபர். வகுப்பில் படித்த ஒழுங்கு இல்லாமல் அந்த வேலையில் நான் நிலைத்திருக்க முடியாது.

இப்போது வருபவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. 2005இல் வந்த குடிவரவுச் சட்டத்தோடு புதிதாக வருபவர்களுக்கு மொழி படிப்பிக்கும் ஒருங்கிணைவு வகுப்புகள் தொடங்கின. பொதுவான வகுப்பில் மொழிக்கு மட்டும் 45 நிமிடப் பாடங்கள் 600, முதல் 300 அடிப்படை, அடுத்த 300 மேல்நிலை. 2007இலிருந்து மணமுடித்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் வீசாவுக்கு முன்பே ஏ1 என்ற தொடக்கநிலை டொச் சோதனை எடுத்து வருகிறார்கள். கவலை என்னவென்றால், முதல் 300 முடிந்ததும் வேலைக்கென்று வகுப்பை விட்டுவிடுபவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். வாடகையும் ஊர்க் கடனும் எனக்கும் தெரியும். ஆனாலும் அலுவலகக் கடிதங்களில் வரும் நீண்ட வாக்கியங்களைப் பழகுவது பெரும்பாலும் பின் 300இல்தான். அதை விட்டால் மறுபடியும் காதால் பிடித்த டொச்சோடு நிற்கவேண்டிவரும். கைத்தொலைபேசிச் செயலிகள் சொல் சேர்க்க நல்லவை. ஆனால் நீங்கள் எழுதிய பந்தியை வாசித்து, இந்த இடத்தில் ஏன் டாட்டிவ் என்று கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் ஜேர்மனிக் கிளையிடம் ஒரு வேண்டுகோள். வருடாந்த ஒன்றுகூடலில் புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு மேசை போடுங்கள். எந்த ஊரில் எந்த வகுப்பு, கட்டண விலக்குக்கு எப்படி விண்ணப்பிப்பது, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாத தாய்மாருக்கு என்ன வழி என்று சொல்லிக்கொடுக்கலாம். தமிழ் வேற்றுமையையும் டொச் வேற்றுமையையும் பக்கத்துப் பக்கமாக வைத்து நான் தயாரித்த அட்டவணை ஒன்று இருக்கிறது. பிரதி எடுத்துக் கொண்டுவருகிறேன். அந்த மேசையில் நானே இருக்கிறேன்.