இரண்டு ஜார்ஜ் டவுன்கள்

பினாங்கில் பிறந்து வளர்ந்த நான் திருமணமாகிச் சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்தபோது, பழகிய ஊர்ப்பெயர் ஒன்று இங்கும் எனக்காகக் காத்திருந்தது. எங்கள் ஜார்ஜ் டவுன் 1786இல் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் அமைந்தது. இங்குள்ளது, கறுப்பர் நகரம் என்று வழங்கப்பட்டு, 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. இரண்டிலும் ஆர்மேனியன் தெரு உண்டு. அங்கே அது லெபோ ஆர்மேனியன். இங்கே மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெரு.

பினாங்கின் ஆர்மேனியன் தெருச் சுவரில்தான் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், 2012இல், நிஜ சைக்கிள் ஒன்றைப் பொருத்தி அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். சுற்றுலா வரைபடத்தோடு வருபவர்கள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையில் காத்திருப்பார்கள். அந்த நினைவோடு இங்குள்ள ஆர்மேனியன் தெருவுக்குப் போனேன். 1772இல் கட்டப்பட்ட தேவாலயமும் அதன் ஆறு மணிகளும் இருந்தன, ஓவியம் எதுவும் இல்லை.

வடசென்னையின் ஓவியங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன என்பது மின்சார ரயிலில் போகும்போதுதான் தெரிந்தது. வியாசர்பாடி ஜீவா நிலையத்தைத் தாண்டியதும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீலக் கோட்டு ஒன்று கண்ணில் பட்டு மறைந்தது. அந்தச் சுவரைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆட்டோ நுழைய முடியாத சந்தின் கடைசியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கவாட்டுச் சுவரில் அம்பேத்கர் நின்றிருந்தார். பிறகு எழும்பிய வீடு ஒன்று அவர் முகத்தை முழுவதுமாக மறைத்திருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை அந்த வீட்டு ஆயா கூப்பிட்டார்: "இன்னாம்மா கீழயே நின்னுட்டே? அங்கேர்ந்து அய்யா மூஞ்சி தெரியாது, மாடிக்கு வா."

காய்ந்துகொண்டிருந்த துணிகளை விலக்கிவிட்டுப் பார்த்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் அந்த முகம் இருந்தது. மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் வண்ணம் மெலிந்த இடத்தில், அளவு பிசகாமல் வரைவதற்காக ஓவியர் போட்ட கட்டக்கோடுகள் இன்னும் தெரிந்தன. உப்புப் பூத்த மூலையில் அவருடைய பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. ஏப்ரல் 14க்கு முன்பாகத் தெருப் பிள்ளைகள் வீடு வீடாக வசூல் செய்து வண்ணத்தைப் புதுப்பிப்பார்கள் என்று ஆயா சொன்னார்.

பினாங்கின் சைக்கிள் ஓவியத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர் யார் என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. இங்கே, யாராவது ஒருவர் வீட்டுப் படியேறாமல் எந்த ஓவியத்தையும் நான் முழுதாகப் பார்க்கவில்லை. புதிதாக வந்தவளுக்கு இதைவிட நல்ல அறிமுகம் அமைந்திருக்காது என்றே நம்புகிறேன்.

சென்ற ஏப்ரலில் என் பங்காக ஒரு லிட்டர் நீல எனாமல் வாங்கிக் கொடுத்தேன். கோட்டின் இடது கைக்கு அது போதுமானதாக இருந்தது.