சரித்திரக் கதைக்காக ஆயுதம் படிப்பவர்களுக்கு: சேலத்திலிருந்து ஒரு வழி

சரித்திரக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அந்தக் காலத்து ஆயுதங்களின் பெயர்ப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா?" என்றுதான். இருக்கிறது. நிகண்டுகளைப் புரட்டினால் வாளுக்கும் வேலுக்கும் அம்புக்கும் பெயர்கள் கொட்டிக் கிடக்கும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது என்பதுதான் சங்கடம். ஓர் ஆயுதம் தன்னை ஏந்துகிறவனிடம் எவ்வளவு நேரம் கேட்கிறது, எவ்வளவு கனக்கிறது, மழையில் என்ன ஆகிறது, அதற்குப் பின்னால் எத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால் சண்டைக் காட்சி தானே நடக்கும். பள்ளிக்கூட வேலைக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில், பெரும்பாலும் சேலத்தைச் சுற்றியே நான் இதைப் படித்தேன். பெரிய நூலகமோ பேராசிரியர் துணையோ இல்லாதவர்களுக்கும் இந்த வழி ஒத்துவரும்.

முதலில் காலத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். "பழங்காலம்" என்று ஒரு காலம் கிடையாது. நான் எடுத்துக்கொண்டது 1790 முதல் 1792 வரை, மூன்றாம் மைசூர்ப் போர். அந்தப் போரின் முடிவில் திப்பு சுல்தான் கும்பெனியாருக்கு (ஆங்கிலேய கிழக்கிந்தியக் கும்பெனி) விட்டுக்கொடுத்த நாடுகளில் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம்) நம் சேலமும் சேர்த்தி. அலெக்சாண்டர் ரீட் இங்கே முதல் கலெக்டராக வந்தார்; தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தார். அவர்கள் காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் பின்னால் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று அச்சாகியிருக்கின்றன. சண்டையைப் பற்றிப் படிக்கப் போகிறவர்கள் அதில் நிலவரிக் கணக்கைப் பார்த்து அலுத்துப்போவார்கள். அலுக்காமல் படியுங்கள். ஊரில் மாடு எத்தனை, எந்தத் தானியம் விளைகிறது, எது எங்கே விற்கிறது என்பதுதான் ஒரு படை அந்த ஊரில் எத்தனை நாள் தங்க முடியும் என்பதைச் சொல்லும்.

அடுத்து நான் போன இடம் கொல்லுப் பட்டறை. அருவாள், கொடுவாள், மண்வெட்டி அடிக்கிற சாதாரணப் பட்டறைதான். துருத்தியின் இடத்தில் இப்போது மின்விசிறி வந்துவிட்டது. மற்றபடி கொறடும் சம்மட்டியும் அதேதான். ஓர் அருவாள் எப்படி நீள்கிறது, எந்த நிறத்துக்குச் சிவந்தபோது துவைச்சல் போடுகிறார்கள் (தண்ணீரில் முக்கி வாயைக் கெட்டியாக்குவது), சாணையில் எவ்வளவு நேரம் போகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். வாள் பற்றிக் கேட்டபோது அந்த ஆசாரி சொன்னது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "உங்க கதையில சண்டைக்குப் போனவன் கத்தி அப்படியேவா இருக்குமுங்க? வாய் மழுங்கியிருக்கும், அங்கங்க பல்லு விழுந்திருக்கும். அப்புறம் எங்கிட்டத்தானே வந்தாகணும்?"

இதை அவ்வையார் எப்போதோ பாடிவிட்டார். புறநானூற்று 95-ஆம் பாட்டு. தொண்டைமானின் ஆயுதசாலைக்குத் தூது போன இடத்தில், இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன என்கிறார். அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறைக் கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிக்கிற அழகுக்காக இந்தப் பாட்டைச் சொல்லித்தருகிறோம். எழுதுகிறவனுக்கு இதில் வேறொரு சங்கதி கிடைக்கிறது: நெய் பூசாத இரும்பு துருப்பிடிக்கும், போருக்குப் போய்வந்த ஆயுதம் பட்டறைக்குப் போகும், படையோடு கொல்லனும் போக வேண்டும். தகடூர் அதியமான் கதையை எழுதுகிறீர்கள் என்றால் ஒரு கொல்லன் பாத்திரம் இல்லாமல் எழுதவே எழுதாதீர்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. கஞ்சமலையில் கிடைப்பது காந்த இரும்புத் தாது. உருக்காலை அதன் அடிவாரத்தில் வந்தது நேற்றைய கதை. அதற்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரத்துக் கொல்லர்கள் மண் மூசைக்குள் (உலோகம் உருக்கும் சிறு குடுவை) இரும்பையும் ஆவாரங்குச்சியையும் வைத்து, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி அடைத்து உலையில் வைத்து எஃகு எடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குறிப்புகளில் இந்த முறை விவரமாக இருக்கிறது. கட்டி சிறியது, விறகும் கரியும் ஏராளம் தின்னும். ஆகவே உங்கள் கதையில் ஊர்க்காவல்காரன் முதல் மாடு மேய்ப்பவன் வரை எல்லார் கையிலும் மின்னுகிற எஃகு வாளைக் கொடுத்தால் நம்பும்படி இராது. காவல்காரனுக்கு ஈட்டி கொடுங்கள். கொங்கு நாட்டில் புலிகுத்திக் கற்களை, அதாவது புலியோடு போராடியவனுக்கு நட்ட நடுகற்களை, எங்கே பார்த்தாலும் நின்று கவனியுங்கள். புலியின் மேல் இறங்குவது ஈட்டியா, குறுவாளா, இடக்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வாளின் எடை பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ச் சரித்திரக் கதைகளில் நாயகனின் வாளை வேறு யாராலும் தூக்கக்கூட முடியாது. ஒற்றைக் கையால் வீசும் வாள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு மேல் கனத்தால் அரை நாழிகைச் சண்டையில் தோள் போய்விடும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை இருக்கின்றன. அங்கே அலங்கார வேலைப்பாட்டை விட்டுவிட்டு கைப்பிடியின் உள் அளவைப் பாருங்கள். பல வாள்களில் நம் முழு உள்ளங்கை நுழைவதே சிரமம் போலத் தெரியும். பிடி இறுக்கமாக இருந்தால்தான் வெட்டி இழுக்கும்போது கைக்குள் புரளாது.

துப்பாக்கிக்கு வருவோம். நான் எடுத்துக்கொண்ட காலத்துக்கு இதுதான் உயிர்நாடி. பாளையக்காரர் ஆட்களிடம் திரித் துப்பாக்கி, கும்பெனிச் சிப்பாய்களிடம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. திரி என்றால் வெடியுப்பில் ஊறிய கயிறு. அது கனன்றுகொண்டே இருக்க வேண்டும். இரவில் பதுங்கியிருப்பவனை அந்தக் கங்கும் வாடையும் காட்டிக்கொடுக்கும். மழை வந்தால் திரி செத்தது. கல் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை குறைவு, இல்லாமல் இல்லை. கல்லின் பொறி விழுகிற சின்னக் கிண்ணியில் மருந்து நனைந்தால் அதுவும் வெறும் கழிதான்.

மருந்து கெட்டிப்பதை ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கிண்ணியில் கொஞ்சம் மருந்து வைத்து மூட வேண்டும். கட்டையைத் தரையில் ஊன்றி மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே விட்டு, கம்பியை உருவி இடித்து, கம்பியைத் திரும்பச் செருகி, தோளில் ஏற்றிக் குறிபார்க்க வேண்டும். நல்ல பழக்கமுள்ள சிப்பாய் நிமிடத்துக்கு 3 முறை சுடுவான். துப்பாக்கி ஏறக்குறைய நாலரை கிலோ கனக்கும். நூறு கஜத்துக்கு மேல் தனி ஆளைக் குறிவைப்பது வீண். அதனால்தான் வரிசையாக நின்று ஒன்றாகச் சுட்டார்கள். இரண்டு மூன்று வேட்டுக்குப் பிறகு வெள்ளைப் புகை மூடி எதிரே யார் என்று தெரியாது. கடித்த மருந்தின் உப்பு நாக்கில் ஒட்டித் தாகம் வறட்டும். என் நாவலில் சிப்பாய்கள் சண்டைக்கு நடுவே எதிரியை விடத் தண்ணீரைத்தான் அதிகம் தேடுகிறார்கள்.

திப்புவின் ராக்கெட்டுகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், ஏவுகணை மாதிரி குறி தவறாமல். அவை மூங்கில் கழியில் கட்டிய இரும்புக் குழாய்கள். காகிதக் குழாயை விட அதிக அழுத்தம் தாங்கியதால் அதிக தூரம் போயின. எங்கே விழும் என்பது விட்டவனுக்கே தெரியாது. குதிரைகளையும் வண்டிமாடுகளையும் கலைத்ததுதான் அவற்றின் பெரிய சாதனை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் 1780-ஆம் ஆண்டு பொள்ளிலூர்ப் போரைச் சுவர் முழுக்கத் தீட்டியிருக்கிறார்கள். சேலத்திலிருந்து ஒரு நாளில் போய்வந்துவிடலாம். பல்லக்கில் தோற்ற கும்பெனித் தளபதி பெய்லி, சதுரமாக நிற்கும் சிப்பாய்கள், வெடிக்கும் மருந்து வண்டி எல்லாம் உண்டு. வென்றவர்கள் தீட்டிய படம், பின்னால் பலமுறை பூச்சு கண்ட படம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோட்டைகளுக்குச் சங்ககிரிதான் பாடசாலை. வாசல் வாசலாக ஏறிப்போகும். ஒவ்வொரு வாசலிலும் நின்று மேலே பாருங்கள். மேல் மதிலில் நிற்பவன் உங்கள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாலரை கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினால், "வீரர்கள் மலைமேல் பாய்ந்தனர்" என்ற வாக்கியத்தை அப்புறம் எழுத மாட்டீர்கள். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல்லின் கும்பெனிப் படை கிருஷ்ணகிரியில் கீழ்க்கோட்டையைப் பிடித்தது. மேல்கோட்டையை ஏணி வைத்து ஏற முடியாமல் திரும்பியது. மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். பீரங்கிக் காலத்தில்கூடக் கல்தான் கோட்டையைக் காத்தது. மதுரைக் கோட்டை மதிலைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் 'கல்லிடு கூடை'யையும் கொதிக்கிற எண்ணெயையும் சேர்த்துச் சொல்வதை இதோடு வைத்துப் படியுங்கள். ஆத்தூர்க் கோட்டை நேர்மாறு: சமதளம், வசிட்ட நதிக் கரை. அங்கே கல் உருட்ட முடியாது. ஆறும் மதிலும்தான் பலம். ஒரே முற்றுகைக் காட்சியை இரண்டு கோட்டைக்கும் மாற்றி ஒட்டாதீர்கள்.

இதைவிடப் பெரிய பாடம் மாடு. 1791 மே மாதம் கும்பெனிப் படையை நடத்திய காரன்வாலிஸ், திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய், களத்தில் வென்ற பிறகும் பின்வாங்கினார். இழுவை மாடுகள் நோயிலும் பட்டினியிலும் செத்துப்போயின. முற்றுகைப் பீரங்கிகளை இழுக்க ஆளில்லாமல் அங்கேயே உடைத்துப்போட்டார்கள். மறுபடி வரும்போது பொதிமாட்டு மந்தைகளோடு தானியம் கொண்டுவரும் லம்பாடிகளை ஏராளமாகச் சேர்த்துக்கொண்டார். உங்கள் கதையில் ஒரு லம்பாடிப் பெண் பாத்திரம் எந்தத் தளபதியை விடவும் போரின் போக்கைத் தெரிந்து வைத்திருப்பாள்.

சிலம்பம் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். சில மாதம் போங்கள், காலடி வைப்புக்காகவும் தூரம் கணிக்கவும். மேடைக்குச் செய்யும் சுழற்றலைப் போர்க்களத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு முறை போய், வாலியும் இராமனும் இருக்கிற தூண்களுக்கு நடுவே நடந்து பாருங்கள். இராமன் இருக்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரிய மாட்டான். பதுங்கி அம்பெய்கிற காட்சி எழுதுகிறவர்களுக்கு இதை விடத் தெளிவான வரைபடம் கிடையாது.

ஆயுதம் சரியாக இருந்து சுற்றுப்புறம் தப்பாக இருப்பதுதான் கடைசியில் காலை வாருகிறது. 1791-ல் சேலத்து வீரன் மரவள்ளிக் காட்டில் ஒளிய முடியாது. மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலைகளும் இங்கே பரவியது 1940-களுக்குப் பிறகு. சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துக்குள் குதிரை ஓடவும் முடியாது; கலெக்டர் காக்பர்ன் அங்கே காபி கொண்டுவந்தது 1820-களில். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். சோழர் காலச் சிப்பாய்க்கு மிளகாய்ச் சட்னி வேண்டாம். களி கொடுங்கள், மிளகு கொடுங்கள்.

சேர்வராயன் மலை என்றதும் ஒன்று. புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் அந்த மலையூர்களில் பிள்ளையார் முன்னால் சாமிக் கல்லாக வைக்கப்பட்டிருந்ததை 19-ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பார்த்திருக்கிறார். பல்லாவரத்தில் கைக்கோடரி கண்டெடுத்த அதே ஃபூட்தான். ஏற்காட்டில் வாழ்ந்தவர், கல்லறையும் அங்கேதான். ஓர் ஆயுதம் யாருக்கும் ஆயுதமென்று தெரியாமல் பூச்சூடி உட்கார்ந்திருப்பதை வைத்து ஒரு சிறுகதை எழுதலாம். நான் இன்னும் எழுதவில்லை, விருப்பமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்குகிறவர்கள் சங்ககிரியிலிருந்து தொடங்குங்கள். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட மலை என்பதால் ஆடி மாதத்தில் கூட்டம் இருக்கும். அளந்து, குறித்து, நின்று பார்க்க மார்கழி, தை தோது. வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், மேலே கடை கிடையாது.