மாங்குளம் பஸ்ஸில் 'வோர்'

மாங்குளத்தில் பஸ் ஏறியதில் இருந்து காதுக்குள் அயர்லாந்து றொக் குழுவான யூ டூவின் 'வோர்' அல்பம்தான். 1983இல் வந்தது. பேர்தான் போர், பாட்டுகளில் சோர்வே இல்லை. முதல் பாட்டில் ட்ரம்ஸ் அணிவகுப்பு மாதிரி இறங்கும். வட அயர்லாந்தில் சனங்கள் சுடப்பட்டதைப் பற்றியது, ஆனாலும் பழிவாங்கு என்று கத்தவில்லை. போர் கண்ட ஒட்டுசுட்டானைக் கடக்கையில் அதைக் கேட்டால் தொண்டை கொஞ்சம் அடைக்கும்.

எனக்குப் பிடித்தது கடைசிப் பாட்டு, '40'. பேஸ் கிற்றார் வாசிப்பவர் ஸ்ரூடியோவை விட்டுப் போய்விட்டதால் கிற்றார்காரர் எட்ஜே பேஸும் வாசித்தாராம். வரிகள் பைபிளின் 40ஆம் திருப்பாடலில் இருந்து எடுத்தவை. (அம்மாவிடம் சொன்னேன். "றொக் பாட்டிலா? சும்மா போடா" என்றார்.)

கொண்டக்டர் தம்பி இப்போது குத்துப்பாட்டு போட்டுவிட்டார். சரி, மிச்சம் திரும்பி வரும்போது.