காய்ச்சாத ஆட்டுப்பாலும் ஆறாத இடுப்பு வலியும்

மலேசியாவின் பினாங்கில் ஒரே பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்த 79 பேருக்குப் புருசெல்லோசிஸ் (கால்நடையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா என்ற கிருமியால் வரும் நோய்) வந்ததை 2015இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நோய் இன்னதென்று தெரியச் சராசரியாக 53 நாள் பிடித்தது. ஒருவருக்கு 210 நாள். பண்ணைக்காரருக்கு முதலில் டெங்கி, மலேரியா, எலிக்காய்ச்சல் எல்லாம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. ரத்தத்திலும் கிருமி வளரவில்லை. ஆட்டுப்பால் விஷயத்தைப் பிடித்த பிறகே சரியான சோதனைக்கு எழுதினார்கள்.

அதனால்தான் சொல்கிறோம்: விட்டு விட்டு வரும் காய்ச்சல், சட்டை நனையும் இரவு வியர்வை, கூடவே மூட்டு வலி என்றால், கிளினிக்கில் உட்கார்ந்ததும் "பச்சை ஆட்டுப்பால் குடித்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். ஆடு கரு கலைந்து குட்டி வீசியபோது நஞ்சுக்கொடியைத் தொட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இந்தக் கிருமி பெரியவர்களிடம் அதிகம் பிடிப்பது இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டை. மல்லாந்து படுத்து, ஒரு கணுக்காலை மறு முழங்கால்மேல் வைத்து, மடங்கிய முழங்காலை மெல்லக் கீழே அழுத்தினால் பின்பக்கம் சுரீரென்று வலிக்கும். "டிஸ்க் நகர்ந்துவிட்டது" என்று வலி மாத்திரையோடு வாரங்கள் ஓடிவிடும். பிள்ளைகளுக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுகள், வயதானவர்களுக்குக் கீழ்முதுகு. அரிதாகக் காறை எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்திலும், பொருத்திய செயற்கை மூட்டிலும் கூட வரும்.

மூட்டிலிருந்து எடுக்கும் நீர் பல நேரம் கெட்டியான சீழாக இருக்காது. வெள்ளணுவும் மற்றச் சீழ் மூட்டுகளைப் போல் எகிறாது. இங்கேதான் வாதம் என்று ஏமாறுகிறார்கள். கிருமி இல்லை என்று உறுதியாகாமல் அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டாம். நீரை ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பாட்டில்) செலுத்தினால் கிருமி அகப்படும் வாய்ப்பு கூடும். ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் "புருசெல்லா சந்தேகம்" என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பினாங்கில் ஆய்வக ஊழியர்கள் 4 பேருக்கும் தொற்றியது. மாதிரிகளைக் கையாண்டதால்தான் என்று கருதப்படுகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது) அளவு 1:160, அதாவது 160 மடங்கு நீர்க்கவைத்தும் தெரியும் அளவு, அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் நீர்க்காத மாதிரியில் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். மாதிரியை இன்னும் நீர்க்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாதாரண நோய்க்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இருவேளை, ரிஃபாம்பிசினோடு 6 வாரம். முதுகெலும்பைப் பிடித்திருந்தால் 12 வாரமாவது வேண்டும். தொடக்கத்தில் ஜென்டாமைசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்ப்பார்கள். வலி விட்டதும் மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தவறு. பினாங்கில் 21 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகும், பயப்பட வேண்டாம். கருத்தடை மாத்திரையின் பலன் குறையும், அதை மருத்துவரிடம் பேசுங்கள். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். பாலோடு வேண்டாம், மருந்து உடம்பில் சேர்வதைக் கால்சியம் குறைக்கும்.

பால் விற்பவர்கள் 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் கிருமி சாகும். வீட்டில் பொங்கக் காய்ச்சினாலே போதும். பச்சைப்பாலில் செய்த சீஸும் பச்சைப்பால் கணக்குதான்.